கணக்கு இடிக்கும்போது: கூட்டு வடிவங்களின் சுற்றளவு, பரப்பளவுப் பிழைகளைப் பிடிக்கும் வழி

"கணக்கு இடிக்குது அக்கா" என்று நோட்டை நீட்டும் பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது, எது இடிக்கிறது என்றுதான். சுற்றளவு மட்டுமா, பரப்பளவு மட்டுமா, இரண்டுமா? இதற்குப் பதில் வந்தால் பாதித் தேடல் முடிந்தது. எவ்வளவு இடிக்கிறது என்பதும் தெரிந்துவிட்டால் மீதியும் பெரும்பாலும் முடிந்த மாதிரிதான். ஆகவே தவறான விடையை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். எங்கே வழுக்கியது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும்.

நான் பெங்களூரு அல்சூரில் மாலை டியூஷன் எடுக்கிறேன். வரும் பிள்ளைகளில் பலருக்கு அப்பா கொத்தனார், இல்லையென்றால் டைல்ஸ் வேலை, பெயிண்டிங். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். பள்ளியில் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ படித்துவிட்டு வீட்டில் தமிழில் கேட்டுத் தெளிகிற பிள்ளைகள். அதனால் கீழே புத்தகக் கணக்கும் சைட் கணக்கும் கலந்தே வரும். இரண்டிலும் நடக்கும் தப்பு ஒரே ஜாதிதான்.

ஒரே ஒரு விஷயத்தை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வடிவத்தை எத்தனை துண்டாக வெட்டினாலும், துண்டுகளின் பரப்பைக் கூட்டினால் முழுப் பரப்பு வந்துவிடும். சுற்றளவில் அது நடக்காது. வெட்டிய இடத்தில் இந்தத் துண்டுக்கு ஒன்று, அந்தத் துண்டுக்கு ஒன்று என்று இரண்டு புது விளிம்பு முளைக்கும். டைல்ஸ் போடுகிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தரைக்குக் கூலி சதுரடியில், சுவரடியில் ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங்குக்குக் கூலி ரன்னிங் அடியில், அதாவது நீளக் கணக்கில். ஹாலையும் டைனிங்கையும் பிரிக்கும் சுவர் இல்லாத இடத்தில் அவர் ஸ்கர்ட்டிங் ஒட்டமாட்டார். புத்தகத்தைத் திறந்ததும் அவர் மகன் மட்டும் அந்த இடத்திலும் ஒட்டிவிட்டு வருகிறான்.

பரப்பளவு சரி, சுற்றளவு கூடுதலாக வருகிறது

அதிகம் பார்ப்பது இதைத்தான். ஒரு ஹால் 20 அடிக்கு 12 அடி. அதன் நீளப் பக்கத்தில், ஒரு மூலையை ஒட்டினாற்போல 10 அடிக்கு 8 அடி டைனிங். டைனிங்கின் 10 அடிப் பக்கம் ஹாலோடு சேர்கிறது, நடுவில் சுவர் கிடையாது. பரப்பு 240 + 80 = 320 சதுரடி. இதில் யாரும் தவறுவதில்லை. அதே வேகத்தில் சுற்றளவையும் 64 + 36 = 100 அடி என்று எழுதிவிடுகிறார்கள்.

சரியான விடை 80. சேரும் இடத்தின் 10 அடி ஹாலின் 64க்குள் ஒருமுறையும் டைனிங்கின் 36க்குள் இன்னொரு முறையும் நுழைந்திருக்கிறது. ஆக 20 அடியைக் கழிக்க வேண்டும்.

நோட்டில் 100 இருந்தால் இணைப்புக் கோட்டைக் கழிக்கவே இல்லை. 90 இருந்தால் கழித்திருக்கிறான், ஆனால் ஒரே ஒரு முறை. 90 எழுதியவனுக்கு விஷயம் முக்கால்வாசி புரிந்துவிட்டது. அவனுக்கு முதலிலிருந்து பாடம் நடத்தக் கூடாது, எரிச்சல்தான் வரும். "அந்தக் கோடு எத்தனை பெட்டிக்குச் சொந்தம்?" என்று கேட்டால் போதும்.

கழித்தலையே நம்பாத வழியும் உண்டு. பென்சில் முனையை ஒரு மூலையில் வைத்து வெளி விளிம்பில் மட்டும் நகர்த்திக்கொண்டே போய்ப் புறப்பட்ட மூலைக்குத் திரும்ப வேண்டும். கடந்த நீளங்களை வரிசையாக எழுதினால் 20, 12, 10, 8, 10, 20. கூட்டினால் 80. சூத்திரத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். பென்சில் ஒருபோதும் அறைக்குள் நுழையாது, அதனால் இணைப்புக் கோடு கணக்கில் ஏற வழியே இல்லை.

படத்திலுள்ள எண்களை எல்லாம் கூட்டியாயிற்று, விடை குறைகிறது

இது எதிர்ப்பக்கத் தவறு. புத்தகத்தில் இதே ஹால் படத்தைப் போட்டால் 20, 12, 8, 10 என்று நான்கு எண்கள்தான் குறித்திருப்பார்கள். கூட்டினால் 50. முப்பது அடி எங்கே போயிற்று?

மூலைகளை எண்ணச் சொல்லுங்கள். ஆறு மூலை இருந்தால் ஆறு பக்கம் இருந்தே தீரும். நான்குக்குத்தான் எண் இருக்கிறது என்றால் மற்ற இரண்டை நாமே கண்டுபிடிக்க வேண்டும். எல்லா மூலையும் செங்கோணமாக இருக்கும் படத்தில் ஒரு சுற்று வரும்போது கிழக்கே போன தூரமும் மேற்கே போன தூரமும் சமம். வடக்கு, தெற்கும் அப்படியே. கிழக்கே 20 அடி போயிருந்தால் மேற்கே திரும்பும்போது 10 அடி டைனிங்கின் ஓரத்தில் கிடைக்கிறது, மீதி 10 அடி எண் குறிக்காத அந்தப் படியில் இருக்கிறது. தெற்கே 12 + 8, ஆக வடக்கே 20. விட்டுப்போனவை 10, 20. முப்பதும் கிடைத்துவிட்டது.

ஓரத்தை வெட்டி எடுத்தேன், சுற்றளவு குறையவில்லை. ஒருதரம் கூடவே செய்தது

தவறு இல்லாமலேயே பிள்ளைகள் சந்தேகப்பட்டு அழிக்கும் இடம் இது. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த 30க்கு 40 அடி சைட்டையே, அதாவது வீட்டு மனையையே எடுத்துக்கொள்வோம். பரப்பு 1200 சதுரடி, சுற்றளவு 140 அடி. இதிலிருந்து 10க்கு 8 அடி துண்டு ஒன்றை எடுக்கப் போகிறோம். எடுக்கும் இடத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

மூலையில் எடுத்தால் பரப்பு 1120 ஆகும், சுற்றளவு அதே 140. போன 10, 8 அடிகளுக்குப் பதிலாக உள்ளே மடிந்து அதே 10, 8 வந்துவிட்டன.

பக்கத்தின் நடுவில் 10 அடி அகலம், 8 அடி ஆழம் என்று எடுத்தால் பரப்பு மறுபடியும் 1120. சுற்றளவோ 156. பக்கத்தில் 10 அடி போயிற்று, உள்ளே 8 + 10 + 8 என்று 26 அடி வந்தது. கூடுதல் 16.

நடுவே, எந்த ஓரத்தையும் தொடாமல், பழைய வீட்டு முற்றம் மாதிரி எடுத்தால் பரப்பு அப்போதும் 1120தான். விளிம்பு 140 + 36 = 176. இதில் ஒரு தகராறு உண்டு: உள்விளிம்பைச் சேர்ப்பதா வேண்டாமா? கேள்வி எதற்காகக் கேட்கிறது என்று பாருங்கள். காம்பவுண்டுச் சுவர் என்றால் 140 போதும். நிழலிட்ட பகுதியின் சுற்றளவு என்றால் உள்விளிம்பும் அந்தப் பகுதிக்கு எல்லைதான், சேர்க்க வேண்டும்.

பரப்பு மூன்றிலும் ஒன்று, சுற்றளவு மூன்றும் வேறு. ஒன்று குறைந்தால் மற்றதும் குறைந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சுற்றளவு நிஜமாகவே குறையும் வெட்டும் இருக்கிறது, மூலையைச் சாய்வாக வெட்டுவது. இரண்டு ரோடு சேரும் மூலை சைட்டுகளில் வண்டி திரும்ப வசதியாக இப்படி விட்டிருப்பார்கள். இரு பக்கமும் 5 அடி விட்டுச் சாய்த்தால் போகும் முக்கோணம் 12.5 சதுரடி, மிச்சம் 1187.5. விளிம்பில் 10 அடி போய், 5 × √2, அதாவது சுமார் 7.07 அடி வரும். சுற்றளவு 137.07. நோட்டில் 135 இருந்தால் சாய்வையும் 5 அடி என்றே வைத்திருக்கிறார்கள்.

முன்பு சொன்ன ஹாலுக்கு ஒரு குறுக்குவழி சிலர் சொல்லித்தருவார்கள்: வடிவம் முழுதும் அடங்கும் பெரிய செவ்வகத்தின் சுற்றளவை எடுத்தால் போதும், 20க்கு 20, ஆக 80. மூலையில் வெட்டிய வடிவத்துக்கும் படிக்கட்டு மாதிரி இறங்கும் வடிவத்துக்கும் அது சரி. நடுவில் பள்ளம் விழுந்த வடிவத்தில் காலை வாரிவிடும். 156 வர வேண்டிய இடத்தில் 140 எழுதியிருந்தால் குறுக்குவழிக்காரர்தான்.

அரைவட்டம் வந்ததும் எல்லாம் குழம்புகிறது

மேலே வளைவு வைத்த ஜன்னல். கீழே செவ்வகம், அகலம் 14, உயரம் 20. அதன் தலையில் 14 விட்டத்தில் அரைவட்டம். சரியான விடைகள்: சுற்றளவு 14 + 20 + 20 + 22 = 76; பரப்பு 280 + 77 = 357. அரைவட்டத்தின் வில் 22/7 × 7 = 22.

சுற்றளவு 90 என்றால் செவ்வகத்தின் நான்கு பக்கத்தையும் கூட்டி (68) அதன்மேல் வில்லைச் சேர்த்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு நடுவே ஓடும் 14 ஒருமுறை புகுந்துவிட்டது. 104 என்றால் அரைவட்டத்தையும் அடிக்கோட்டோடு மூடி 36 என்று எடுத்துக்கொண்டார்கள், 14 இரண்டு முறை புகுந்தது. மேலே ஹாலில் பார்த்த 90, 100 தவறுகளுக்கு இவை அண்ணன் தம்பிகள்.

98 வந்தால்தான் கொஞ்சம் துப்பறிய வேண்டும். அந்த விடைக்கு இரண்டு வழி இருக்கிறது. ஆரம் 7ஐச் சரியாக எடுத்து, அரைவட்டம் என்பதை மறந்து முழு வட்டத்தின் சுற்றளவு 44ஐக் கூட்டினாலும் 98 வரும். அரைவட்டத்தை மறக்காமல், விட்டம் 14ஐ ஆரம் என்று போட்டாலும் வில் 44 ஆகி அதே 98 வரும். சுற்றளவை மட்டும் பார்த்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதே பிள்ளையின் பரப்பு விடையைப் பாருங்கள். 434 என்றால் முழு வட்டத்தைச் சேர்த்தவர் (280 + 154). 588 என்றால் ஆரமும் விட்டமும் மாறிப்போனவர் (280 + 308). முதலாமவருக்கு "பாதிதானே?" என்ற ஒரு சொல் போதும். இரண்டாமவர் வட்டம் வரும் ஒவ்வொரு கணக்கிலும் மறுபடி விழுவார், அவரோடு கொஞ்சம் உட்கார வேண்டும்.

ஓட்டப்பந்தயத் தடக் கணக்கும் இதே குடும்பம்தான், ஆனால் ஒரு ரகசியம் ஒளிந்திருக்கிறது. கண்டீரவா ஸ்டேடியத்தில் பார்க்கும் 400 மீட்டர் தடத்தின் வழக்கமான அளவு: 84.39 மீட்டரில் இரண்டு நேர்க்கோடு, இரு முனையிலும் 36.50 மீட்டர் ஆரத்தில் அரைவட்டம். கணக்குப் போட்டால் 168.78 + 229.34 = 398.12 தான் வரும். மீதி 1.88 மீட்டரை யார் தின்றது? ஓடுகிறவர் உள்விளிம்பின்மேல் ஓட முடியாது. அதனால் தூரத்தை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள். ஆரம் 36.80 ஆகும், வளைவுகள் 231.22, மொத்தம் 400.00. இதையே 22/7 வைத்துப் போட்டால் 400.09 வரும், பயப்பட வேண்டாம்.

கடைசி இலக்கம் மட்டும் இடிக்கிறது

பை (π). புத்தகம் 3.14 எடுத்திருக்கும், நீங்கள் 22/7. கேள்வியின் கடைசி வரியைப் படியுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் ஆரமோ விட்டமோ 7இன் மடங்காக இருந்தால் 22/7, இல்லாவிட்டால் 3.14. ஒரே கணக்கின் நடுவில் மாற்றாதீர்கள்.

கூரை வடிவம், சரிவகம்: பரப்பு கூடுகிறது அல்லது சுற்றளவு குறைகிறது

செவ்வகம் 12க்கு 8, அதன் தலையில் 12 அடிப்பக்கமும் இரு புறமும் 10 சாய்வும் உள்ள முக்கோணம். செங்குத்து உயரம் 8. பரப்பு 96 + 48 = 144, சுற்றளவு 12 + 8 + 8 + 10 + 10 = 48. பரப்பு 156 வந்தால் உயரத்துக்குப் பதில் சாய்வைப் பெருக்கியிருக்கிறார்கள். சுற்றளவு 44 வந்தால் சாய்வுக்குப் பதில் உயரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். சாய்வு சுற்றளவுக்கு, செங்குத்து பரப்புக்கு. இணைகரமும் சரிவகமும் ஒட்டிய படங்களிலும் இதே சோதனைதான்.

சுற்றிலும் பாதை: விடை பாதிக்கும் கொஞ்சம் மேல்தான் வருகிறது

30க்கு 40 சைட்டுக்குள் நாலாபுறமும் 3 அடி விட்டு வீடு கட்டுகிறார்கள். விட்ட இடம் எவ்வளவு? இரு ஓரத்திலும் 3 போவதால் உள்ளே 24க்கு 34, அதாவது 816. விட்டது 1200 − 816 = 384 சதுரடி.

201 எழுதியவர் ஒரு ஓரத்தில் மட்டும் கழித்து 27க்கு 37 என்று வைத்துக்கொண்டவர். இது சட்டென்று கண்ணில் படும். 420 எழுதியவரைப் பிடிப்பதுதான் சுவாரஸ்யம். சுற்றளவு 140ஐ அகலம் 3ஆல் பெருக்கியிருக்கிறார். யோசனை நல்ல யோசனைதான், மூலைகள் மட்டும் ஏமாற்றிவிட்டன. நான்கு மூலையிலும் 3க்கு 3 சதுரம் இரண்டு பக்கத்துக்கும் பங்காளி, இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறது. 4 × 9 = 36ஐக் கழித்தால் 384. பாதை சைட்டுக்கு வெளியே ஓடினால் அதே 36ஐக் கூட்ட வேண்டும்: 36 × 46 − 1200 = 456, அதுவும் 420 + 36.

அந்த 27க்கு 37ஐத் தூக்கி எறிய வேண்டாம். பாதையின் நட்டநடுவே ஒரு கோடு இழுத்தால் அதன் அளவு சரியாக 27க்கு 37. அதன் சுற்றளவு 128. 128 × 3 = 384! அகலம் சீராக இருக்கும் பாதைக்கு நடுக்கோட்டின் நீளத்தை அகலத்தால் பெருக்கினால் மூலைத் தகராறே வராது. கடைக்கால் தோண்டும்போது மண் அளவை நடுக்கோட்டிலிருந்து எடுப்பதும் இதனால்தான்.

தோட்டத்தின் குறுக்கும் நெடுக்கும் இரண்டு பாதை வெட்டிக்கொள்ளும் கணக்கில், நடுவே அவை சந்திக்கும் சதுரத்தை ஒருமுறை கழித்தீர்களா என்று மட்டும் பாருங்கள். வேறொன்றும் அதில் இல்லை.

நிழலிட்ட பகுதி முழுப் படத்தைவிடப் பெரிதாக வருகிறது

14 பக்கமுள்ள சதுரம். எதிரெதிர் மூலைகளிலிருந்து 14 ஆரத்தில் இரண்டு கால்வட்டம். நடுவில் ஓர் இலை மாதிரி வடிவம் கிடைக்கும். கால்வட்டம் ஒவ்வொன்றும் 154, இரண்டும் 308 என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். சதுரமே 196தான்! பேனாவை மூடுமுன் இந்த ஒரு ஒப்பீட்டைச் செய்தால் பல மதிப்பெண் தப்பிக்கும்.

சதுரத்துக்கு மேல் வழிந்த 308 − 196 = 112 எங்கிருந்து வந்தது? இரண்டு கால்வட்டமும் சேர்ந்து சதுரத்தை முழுதாக மூடிவிடுகின்றன, இலையை மட்டும் இரண்டு முறை மூடுகின்றன. வழிந்ததுதான் இலை. விடை 112. அதன் சுற்றளவு இரண்டு வில், 22 + 22 = 44. சதுரத்தின் பக்கம் ஒன்றுகூட அதில் வராது, பென்சிலை ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

அடி, அங்குலம், மீட்டர் கலந்த கணக்கு

டேப்பில் 10 அடி 6 அங்குலம் படித்துவிட்டு நோட்டில் 10.6 என்று எழுதுவது பள்ளிப் பிள்ளையின் தவறு மட்டும் இல்லை, கட்டட வேலை நடக்கும் இடத்தில் துண்டுச் சீட்டிலும் பார்க்கலாம். 6 அங்குலம் அரை அடி, ஆகவே 10.5. 12 அடி 3 அங்குலம் என்பது 12.25. அறையின் பரப்பு 128.6 சதுரடி, புள்ளி வைத்து 10.6 × 12.3 என்று போட்டால் 130.4. இதாவது சின்ன இடி. 10 அடி 11 அங்குலம் 10.11 ஆகும்போது பாருங்கள்: உண்மையில் அது 10.92, கிட்டத்தட்ட 11 அடி. இடையில் முக்கால் அடிக்கு மேல் காணாமல் போய்விட்டது. அங்குலத்தை 12ஆல் வகுத்த பிறகுதான் புள்ளி வைக்க வேண்டும்.

சுற்றளவு சரி, பரப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் மீட்டரை அடியாக்கியதில் கோளாறு. 30க்கு 40 சைட் பத்திரத்தில் 111.48 சதுர மீட்டர் என்று இருக்கும். ஒரு மீட்டர் 3.28 அடி என்பது தெரிந்த பிள்ளை அதையே இதற்கும் போட்டு 366 என்று விழிக்கும். நீளத்துக்கு 3.28 (இன்னும் நுட்பமாக 3.2808), பரப்புக்கு அதன் வர்க்கம், 10.764. பெருக்கினால் 1200 திரும்பி வரும்.

விடை சரியாக 100 மடங்கு இடித்தால் மேஸ்திரி சொன்ன "சதுரம்" உள்ளே புகுந்திருக்கலாம். கட்டட வேலையில் ஒரு சதுரம் என்பது 100 சதுரடி. நிலப் பேச்சில் ஊரில் சென்ட் சொல்வோம், கர்நாடகத்தில் குண்டா. ஒரு குண்டா 1089 சதுரடி, 33 அடிக்கு 33 அடி. இரண்டரை சென்ட் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

டைல்ஸ் வாங்கும்போது மட்டும் வரும் ஒரு இடி: ஹாலும் டைனிங்கும் சேர்ந்து 320 சதுரடி, ஒரு பெட்டியில் "இரண்டுக்கு இரண்டு" டைல்ஸ் நான்கு, ஆக பெட்டிக்கு 16 சதுரடி, 20 பெட்டி போதும் என்று கணக்குச் சொல்லும். போதாது. இரண்டுக்கு இரண்டு என்று கடையில் கேட்டாலும் கொடுப்பது 600 மில்லிமீட்டர் டைல்ஸ், இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. நான்கு டைல்ஸ் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுரடி. 20 பெட்டியில் 310 சதுரடிதான் நிரம்பும். உடைசல், வெட்டுச் சேதாரத்துக்கு முன்பே ஒரு பெட்டி குறைகிறது.

கோணலான சைட்: ஆளுக்கொரு பரப்பு சொல்கிறார்கள்

பிள்ளைகளைவிட அப்பாக்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். நான்கு பக்கமும் நான்கு அளவு: வரிசையாக 30, 40, 39, 41 அடி. இந்த ஊர்ப் பத்திரங்களில் இப்படிப்பட்ட சைட்டுக்கு எதிரெதிர் பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்து எழுதியிருப்பதைப் பார்க்கலாம். (30 + 39)/2 = 34.5; (40 + 41)/2 = 40.5, பெருக்கினால் 1397.25 சதுரடி.

இந்த வழி மிகப் பழையது. 628இல் பிரம்மகுப்தர் இதைத் தோராயமான பரப்பு என்று சொல்லிவிட்டு, நுட்பமான பரப்புக்கு வேறு விதி தந்தார்: நான்கு பக்கத்தையும் கூட்டிய தொகையில் பாதியை எடுத்து, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, கிடைக்கும் நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பது. நம் சைட்டில் பாதி 75. கழித்தால் 45, 35, 36, 34. விடை சுமார் 1388.5. நான்கு பக்கத்தை மட்டும் கேட்டுப் பரப்புச் சொல்லும் செயலிகள் தருவது பெரும்பாலும் இந்த எண்ணைத்தான். ஆனால் நான்கு மூலையும் ஒரே வட்டத்தின்மேல் விழும் நாற்கரத்துக்குத்தான் இந்த விதி முழுதாகப் பொருந்தும். நம் சைட் அப்படி விழுமா என்று யார் பார்த்தார்கள்?

நான்கு குச்சிகளை முனைக்கு முனை ஆணியடித்துச் சேர்த்துப் பாருங்கள். லேசாக அழுத்தினால் சாயும். பக்கம் ஒன்றும் மாறாது, பரப்பு மாறிக்கொண்டே போகும். ஆக நான்கு பக்க அளவு மட்டும் தெரிந்தால் பரப்பு யாருக்கும் தெரியாது. ஐந்தாவதாக ஓர் அளவு வேண்டும், மூலைக்கு மூலை.

30, 40 அடிப் பக்கங்கள் ஒரு மூலையில் சேர்கின்றன; அவற்றின் மறு முனைகளுக்கிடையே டேப் பிடித்தால் 50 அடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்த மூலை சரியான மட்டம், அதாவது செங்கோணம். 3, 4, 5 வைத்துக் கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் அதே சங்கதி. அந்தப் பக்கத்து முக்கோணம் 30 × 40 / 2 = 600. மறுபக்கத்து முக்கோணத்துக்குப் பக்கங்கள் 39, 41, 50. பாதிச் சுற்றளவு 65. கழித்தால் 26, 24, 15. முக்கோணத்தில் அந்தப் பாதியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும்: 65 × 26 × 24 × 15 = 6,08,400; வர்க்கமூலம் 780. மொத்தம் 1380 சதுரடி.

ஒரே சைட்டுக்கு 1397, 1388, 1380. உண்மை கடைசியில் வந்தது. சராசரி முறையில் 17.25 சதுரடி காற்றில் முளைத்திருக்கிறது. உங்கள் ஏரியாவின் சதுரடி விலையால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சராசரி முறை எப்போதாவது குறைத்துக் காட்டுமா என்றால், காட்டாது. இரண்டு பக்கம் கொடுத்து முக்கோணம் கட்டச் சொன்னால், அவற்றுக்கிடையே செங்கோணம் இருக்கும்போதுதான் பரப்பு அதிகம். மற்றபடி பெருக்கலில் பாதிக்குக் குறைவுதான். நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் வெட்டினால் இரண்டு முக்கோணம், இன்னொன்றால் வெட்டினால் வேறு இரண்டு. நான்கையும் கூட்டினால் பரப்பைப் போல இரு மடங்கு. ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரு பக்கப் பெருக்கலின் பாதியைத் தாண்டாது என்பதால், எல்லாம் சேர்த்து எழுதிப் பார்த்தால் சராசரிகளின் பெருக்கல்தான் உச்சவரம்பாக நிற்கும். அந்த உச்சத்தைத் தொட நான்கு மூலையும் செங்கோணமாக வேண்டும், அதாவது சைட் ஒழுங்கான செவ்வகமாக இருக்க வேண்டும். கோணல் சைட்டில் இந்த முறை எப்போதும் விற்கிறவர் பக்கம்தான் சாயும்.

பேரத்துக்குப் போகுமுன் இன்னொரு மூலைவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். இந்தச் சைட்டில் அது 55 அடி 10 அங்குலத்தைக் கொஞ்சம் தாண்ட வேண்டும். டேப்பில் 55 அடியோ 57 அடியோ வந்தால் முந்தைய ஐந்து அளவில் ஏதோ ஒன்று தப்பு: டேப் நடுவில் தொய்ந்திருக்கும், அல்லது காம்பவுண்டின் வெளிமுகத்தை ஒரு பக்கமும் உள்முகத்தை ஒரு பக்கமும் பிடித்திருப்பார்கள். ஆறையும் ஒரே முகத்தில் பிடித்து மறுபடி அளக்க வேண்டியதுதான்.